அப்பா யாரென்று தெரியாதபோது: கொங்குப் பக்கம் தேடத் தொடங்குபவர்களுக்கு

என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து என் தாய்மாமனுடையது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் "அப்பா பேரு?" என்று கேட்க, கூட வந்த மாமன் சட்டென்று தன் பெயரையே சொல்லிவிட்டார். அது டி.சி.யில் ஏறி, ரேஷன் கார்டில் ஏறி, ஆதார் வரைக்கும் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு அப்பா வழித் தாத்தா பாட்டியை அப்பாரு, அப்பத்தா என்று கூப்பிட ஆட்கள் இருப்பார்கள். எனக்கு அம்மா வழி அமுச்சியும் அப்பிச்சியும் மட்டும்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது "என்ன கூட்டம், குலதெய்வம் எது?" என்று கேட்டார்கள். கூட்டம் என்றால் எங்கள் பக்கம் அப்பா வழிக் குலம். அம்மா வழிக் கோயிலைச் சொல்லித்தான் நாளைக் கடத்தினோம்.

அப்பா யாரென்று தெரிந்தபோது எனக்கு வயது 42. அதற்குப் பிறகு என்னைப் போலவே தேடுகிற சிலருக்குக் கூட இருந்து உதவியிருக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிருமா?" தெரியலாம். ஆனால் அது பின்னால் வர வேண்டிய வேலை. முதலில் செய்ய வேண்டியது, நீங்கள் கருவான அந்த ஒரு மாதத்தில் உங்கள் அம்மா எந்த ஊரில், யார் யாருடன், என்ன வேலையில் இருந்தார் என்று கண்டுபிடிப்பது. அது தெரிந்துவிட்டால், தேட வேண்டிய ஆட்கள் ஊரளவிலிருந்து ஒரு கைவிரல் அளவுக்கு வந்துவிடுவார்கள்.

அம்மாவிடம் கேட்கும் விதம்

நான் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து நாலைந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது, "எங்கப்பன் யாருன்னு இன்னைக்காவது சொல்லு" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அம்மா எழுந்து போய் பஸ் ஏறிவிட்டார். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அடுத்த முறை அப்பாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். "நீ மில்லுக்குப் போனியே, அங்க என்ன வேலை?" என்றேன். "ரீலிங்மா, நூல் சுத்தற வேலை. நின்னுட்டே இருக்கோணும். காலு வீங்கிப் போயிரும்" என்று ஆரம்பித்தவர், ஷிப்ட் நேரம், உடன் வேலை பார்த்த பெண்கள், மத்தியானம் சோற்றுப் போசியை எங்கே வைப்பார்கள் என்பது வரைக்கும் சொன்னார். "மேஸ்திரி நல்ல மனுசன்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். தொலி நிறைந்த முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் பின்னாலேயே போய்க் கேட்கவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான்.

அதனால் ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள். வேலை, ஊர், தோழிகள், தங்கிய வீடு, போன திருவிழா, இவற்றைக் கேளுங்கள். ஒரே நாளில் கேட்டு முடிக்க நினைக்க வேண்டாம். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மௌனத்துக்குப் பின்னால் ஏமாற்றம் மட்டுமல்ல, வன்முறையும் இருந்திருக்கலாம். முகம் மாறினால், கை நடுங்கினால், கேள்வியை அங்கேயே விட்டுவிடுங்கள். அவர் பட்டதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய உரிமை.

அம்மா இல்லாதவர்கள் அவருடைய வயதொத்த பெண்களைத் தேடிப் போங்கள். சொந்தக்காரர்களைவிட வேலைத் தோழிகளுக்கு அதிகம் தெரிந்திருக்கும். சொல்லவும் அவர்களுக்குத் தயக்கம் குறைவு.

மாதக் கணக்கு

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதன் கணக்கு நம் எல்லாருக்கும் தெரியும். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நிறைமாதக் குழந்தை என்றால், பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய 266 நாள் பின்னால் போக வேண்டும். முன்னே பின்னே மூன்று வாரம் விட்டுவிடுங்கள். குறைமாதம் என்று வீட்டில் சொன்னால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்தது 1977 ஆடி. அப்படியானால் 1976 ஐப்பசி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர வயது சரியாக வர வேண்டும் என்று வாத்தியார்களே ஒரு தேதியைப் போட்டுவிடுவது அந்தக் காலத்து வழக்கம். ஜாதகம் எழுதியிருந்தால் அதை எடுங்கள். நட்சத்திரம், லக்னம், தசை இருப்பு எல்லாம் இருந்தால், தேதி இல்லாவிட்டாலும் பழைய பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குத் தெரிந்தவர் தேதியைச் சொல்லிவிடுவார். ஜாதகம் எழுதும்போது தகப்பன் பெயரைக் கேட்பார்கள். உங்கள் ஜாதகத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது, அந்த இடம் காலியா என்றும் பாருங்கள்.

பெரியவர்களுக்கு வருடம் நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். "எமர்ஜென்சி சமயத்துல", "எம்.ஜி.ஆர். மொதல்ல ஜெயிச்சதுக்கு முந்தி", "இந்திரா காந்தி செத்த வருசம்" என்பார்கள். எமர்ஜென்சி 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை. எம்.ஜி.ஆர். முதலில் முதல்வரானது 1977 ஜூன். இந்திரா காந்தி கொலை 1984 அக்டோபர். எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். மாதத்தைப் பிடிக்கத் திருவிழா கை கொடுக்கும். கோவை கோனியம்மன் தேர் மாசியில், பண்ணாரி குண்டம் (தீமிதி) பங்குனியில், அவினாசித் தேர் சித்திரையில், திருச்செங்கோட்டுத் தேர் வைகாசியில், அந்தியூர் குருநாதசாமி பண்டிகை ஆடியில். "குண்டத்துக்கு முந்தியா, பொறவா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். கண்ணால் கண்ட காகிதம் ஒன்றில், பிறர் சொல்லக் கேட்டது ஒன்றில், நீங்களாக யூகித்தது ஒன்றில். யூகம் ஆறு மாதத்தில் உண்மை போலவே மனதில் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கோடுதான் காப்பாற்றும்.

வீட்டுக்குள்ளேயே கிடக்கும் காகிதம்

நூல்நிலையத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஓடுவதற்கு முன்னால் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய போட்டோவின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையும் ஊரும் இருக்கும். மணியார்டர் ரசீதின் துண்டில் அனுப்பியவர் ஊர் இருக்கும். மில் அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். சீட்டு, கூலி நோட்டு எல்லாம் அம்மா எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது மொய் நோட்டு. 1982ல் எனக்குக் காது குத்தினார்கள். அந்த நோட்டை அமுச்சி டிரங்குப் பெட்டிக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவியிருந்தது. ஊதா மை. இன்ன ஊர், இன்னார், ரூபாய் 2. இன்ன ஊர், இன்னார், ரூபாய் 5. தாய்மாமனே 25தான் வைத்திருந்தார். ஏழாவது பக்கத்தில், நடுவில் ஒரு வரி: "மேஸ்திரி, வெள்ளகோவில், 51." பெயர் இல்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் பெயர் எழுதியவர், அந்த ஒருவருக்கு மட்டும் வேலையையும் ஊரையும் எழுதியிருந்தார்.

மொய் நோட்டைப் படிக்கும்போது தொகையைப் பாருங்கள். உறவு முறைக்குப் பொருந்தாத தொகை எங்கே இருக்கிறதோ அங்கே நில்லுங்கள். தொலைவான ஊரிலிருந்து தனியாக வந்தவரைக் குறியுங்கள். கல்யாணம், சீர், புதுமனை என்று எத்தனை நோட்டு இருந்தாலும் அத்தனையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊதா மை ஈரம் பட்டால் போய்விடும்.

அலுவலகத்துக்குப் போகும்போது

பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சான்றிதழில் சுருக்கம்தான் வரும். பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அதில் அம்மா அப்போது கொடுத்த முகவரியும் யார் வந்து தகவல் சொன்னார்கள் என்பதும் இருக்கும். தகவல் சொன்னவர் பெயர் பல நேரம் தகப்பன் பெயரைவிடப் பயன்படும், ஏனென்றால் அவருக்கு அந்தப் பிரசவத்தைப் பற்றித் தெரியும். கோவை பெரியாஸ்பத்திரியில் பிறந்திருந்தால் மாநகராட்சியில் பதிவு. கிராமத்தில் வீட்டுப் பிரசவம் என்றால், அந்தக் காலத்தில் மணியக்காரர் எழுதிய பதிவு. பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை 1980ல் ஒழித்துவிட்டார்கள். பிறகு வந்தவர்கள் வி.ஏ.ஓ.க்கள். பழைய ஏடுகளைத் தாலுகா அலுவலகத்தில் கேட்க வேண்டியிருக்கும்.

எந்த மாவட்டம் என்பதில் பலர் வாரக்கணக்கில் அலைகிறார்கள். வெள்ளகோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். பிறகு பெரியார் மாவட்டம், அதுவே ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஊர் நகரவே இல்லை, மூன்று மாவட்டத்தில் இருந்திருக்கிறது. நாமக்கல் 1997 வரை சேலத்தோடு, கரூர் 1995 வரை திருச்சியோடு. உங்கள் வருடத்தில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. ஞானத்தாய், ஞானத்தந்தை யாரென்று பாருங்கள். வால்பாறை, நீலகிரி எஸ்டேட்டுகளில் பிறந்தவர்கள் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டையும் எஸ்டேட் ஆஸ்பத்திரியையும் விசாரிக்கலாம். போர் போடும் ரிக் வண்டியிலும் லாரியிலும் ஊர் ஊராகப் போனவர்தான் அப்பா என்று பேச்சு இருந்தால் திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பக்கம் பழைய பட்டறை ஆட்களை விசாரிக்க வேண்டும். காகிதம் கிடைப்பது அரிது. ஆள் நினைவுதான் அங்கே.

பெயர் கிடைத்த பிறகு

அம்மாவின் ரீலிங் தோழி ஒருவர் பல்லடத்தில் இருந்தார். "வெள்ளகோவில் மேஸ்திரியா? ஒருத்தர்தான் அம்மிணி இருந்தாரு" என்று பெயரைச் சொன்னார். அன்று இரவே பஸ் ஏறியிருப்பேன். நல்லவேளை, ஏறவில்லை. ஒரு பெயர் கையில் வந்ததும் அந்த ஊர் டீக்கடையில் போய் விசாரிப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஒருவர் இறந்திருக்கலாம், அவர் வீட்டில் மனைவி இருக்கலாம். சாதி மாறிய உறவாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2016ல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. நாற்பது வருடம் முந்தைய விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். உங்கள் அம்மா இன்னும் அதே ஊரில்தான் குடியிருக்கிறார்.

சத்தமில்லாமல் ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வழிகள் இருக்கின்றன. 2002, 2005 வாக்காளர் பட்டியல்களைத் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டு எண், வயது, தகப்பன் அல்லது கணவர் பெயர் எல்லாம் அதில் உண்டு. ஒரே வீட்டு எண்ணில் இருப்பவர்களைச் சேர்த்து எழுதினால் குடும்பம் கண்முன் வந்துவிடும். நிலம் இருந்த குடும்பம் என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் பார்க்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை அத்தனை பேரும் வரிசையாக வந்துவிடுவார்கள்.

அப்புறம் கருமாதிப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையைவிட இதில் உண்மை அதிகம் என்பது என் அனுபவம். மகன், மகள், மருமகன், பேரன் பேத்தி, உடன்பிறந்தவர்கள், அவரவர் ஊர் எல்லாம் ஒரே அட்டையில். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டும், கும்பாபிஷேக மலரும் அடுத்தது. கோயிலுக்குச் சாதாரணமாகப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு மலர் ஒன்று கேட்டால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. எந்தச் சமூகமானாலும் குலதெய்வமும் பங்காளி வரிசையும் உண்டு. கூட்டம் தெரிந்தால் இன்னொரு பயனும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும்போது எந்த வீடு பங்காளி வீடு என்று தெரியும்.

ஓலைச்சுவடியில் அப்பா பெயர் வரும் என்று நாடி ஜோதிடத்துக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பெயரை நம்பி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வேண்டாம்.

டி.என்.ஏ.

இப்போது இதற்கு வருவோம். அப்பா என்று சொல்லப்படுகிறவர் உயிரோடு இருந்து, அவரும் சம்மதித்தால் வேலை எளிது. அவர் இல்லையென்றால் அவருடைய பிள்ளை ஒருவரோடு ஒப்பிட வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியது, தகப்பன்-பிள்ளை சோதனைக்கு லேப்களில் பார்க்கும் இருபது சொச்சம் குறியீடுகள், ஒரே அப்பா வேறு அம்மா என்ற உறவைத் தீர்மானிக்கப் பல நேரம் போதாது. லட்சக்கணக்கான இடங்களைப் பார்க்கும் வம்சாவளிச் சோதனையைக் கேளுங்கள்.

இருவருக்கும் எவ்வளவு டி.என்.ஏ. பொருந்துகிறது என்ற அந்த முடிவு சென்டிமார்கன் என்ற அளவில் வரும். ஒரே அப்பாவுக்குப் பிறந்த, அம்மா வேறான உடன்பிறப்புகளுக்குச் சராசரியாக 1,750 சென்டிமார்கன் பொருந்தும். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்றால் சராசரியாக அதில் பாதி. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொள்கிறோம். அதனால் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலத் தெரியும். உங்கள் அம்மாவையும் சோதித்து, அவர் வழியில் பொருந்துவதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆண்கள் ஒய் குரோமோசோம் சோதனை எடுக்கலாம். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, ஒரே வம்சமா என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அது இல்லை. ஆனால் நமக்கு வேறொன்று இருக்கிறது. அப்பாவின் எக்ஸ் குரோமோசோம் முழுசாக எல்லா மகள்களுக்கும் போகிறது. இரண்டு பெண்களுக்கு ஒரே அப்பா என்றால் எக்ஸ் முழு நீளத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் அப்பா வேறு.

யாரையும் முன்கூட்டித் தெரியாமல் வெறும் சோதனையை மட்டும் நம்பி வெளிநாட்டு இணையப் பட்டியலில் சேர்ந்தால், கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தூரத்துச் சொந்தம்தான். நம் ஊரில் இந்தச் சோதனை எடுத்தவர்கள் குறைவு. அதோடு, அப்படிப்பட்ட பெரிய கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் விவரங்கள் 2023ல் திருடு போயின. யோசித்துக் கொடுங்கள். டம்ளரை, சீப்பை எடுத்துத் திருட்டுத்தனமாகச் சோதிக்கும் யோசனை வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

தத்தும் சட்டமும், சுருக்கமாக

தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்கள் 18 வயது ஆனதும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்துக்கோ, தங்களைத் தத்துக் கொடுத்த நிறுவனத்துக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ எழுதி வேர் தேடல் கேட்கலாம். தானே கேட்க வேண்டும், வேறு ஆள் மூலம் முடியாது. பெற்றவர்கள் தங்கள் விவரம் வெளியே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் தரமாட்டார்கள். 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது வந்த பிள்ளைகள் இப்போது முப்பதைத் தாண்டியவர்கள். தொட்டிலில் விடப்பட்டவர்களுக்குப் பெற்றோர் பெயரே பதிவில் இல்லாமல் இருக்கலாம். சேர்ந்த தேதி, எடை, உடன் இருந்த துணி, யார் எடுத்தார்கள் என்பதையாவது கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்குச் சட்டப்படி கணவர் இருந்த காலத்தில் நீங்கள் பிறந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் பொதுவாக அந்தக் கணவர்தான் உங்கள் அப்பா. பழைய சாட்சியச் சட்டத்தின் 112வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 116. 2025 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்து, இன்னொருவரை டி.என்.ஏ. சோதனைக்கு வற்புறுத்த முடியாது என்றது. ஆனால் கதவு முழுதாக அடைத்ததல்ல. உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சோதனைக்கு உத்தரவிட்டு, 2012ல் அவர்தான் தந்தை என்று முடிவானது. சொத்து கேட்கும் எண்ணம் இருந்தால் வக்கீலைப் பாருங்கள். உறவு வேண்டுமென்றால் முதல் பேச்சில் சொத்து என்ற வார்த்தை வரவே கூடாது.

வாசலுக்குப் போகும்போது

எல்லாம் கூடிவந்த பிறகு முதலில் அம்மாவிடம் சொன்னேன். "தெரிஞ்சிருச்சு" என்று மட்டும். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெரியம்மா மனசு நோகாமப் பாத்துக்கோ" என்றார். மேஸ்திரியின் மனைவியைத்தான் அப்படிச் சொன்னார்.

மேஸ்திரி 2006லேயே இறந்துவிட்டார். மனைவியிடமோ மகனிடமோ முதலில் போகவில்லை. கருமாதிப் பத்திரிகையில் அவருடைய தங்கையின் ஊர் இருந்தது. நம் பக்கம் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்கிறவள் தங்கை. அண்ணனின் நல்லது கெட்டது அவளுக்குத் தெரியும். ஒரு கடிதம் எழுதினேன். என் பெயர், அம்மா வேலை செய்த மில், வருடம், எனக்கு எதுவும் வேண்டாம், பேச விருப்பமிருந்தால் இந்த எண், இல்லாவிட்டால் இனித் தொந்தரவு செய்ய மாட்டேன். அவ்வளவுதான். நீங்களும் இப்படியே எழுதுங்கள். அப்பா என்ற சொல்லைக் கடிதத்தில் போடாதீர்கள், வேறு யாராவது பிரிக்கக்கூடும். அந்த வீட்டில் விசேஷமோ துக்கமோ இல்லாத சமயம் பார்த்து அனுப்புங்கள். பதிலுக்குக் குறைந்தது ஆறு மாதம் காத்திருங்கள்.

எனக்கு நாற்பது நாள் கழித்துப் போன் வந்தது. போனதும் அத்தை ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, "செருப்பக் கழட்டி உன்ற காலைக் காட்டு கண்ணு" என்றார். இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட நீளம். "என்ற அண்ணனுக்கும் இப்படித்தான்" என்று அழுதார். சாயல் சான்றாகாது என்று எனக்குத் தெரியும். பிறகு அத்தையே பேசி, மேஸ்திரியின் மகன், அதாவது என் அண்ணன், சோதனைக்குச் சம்மதித்தார். 1,690 சென்டிமார்கன் வந்தது.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இருதயம், எந்த வயதில் யாருக்கு என்ன வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு போட்டோ கேளுங்கள். அவர்கள் வைக்கும் நிபந்தனையையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அத்தை வைத்தது ஒன்றே ஒன்று, பெரியம்மா இருக்கும்வரை அவருக்குத் தெரியக் கூடாது. அவருக்கு இப்போது 79 வயது. தைப்பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போகிறேன், அண்ணனும் அங்கே வந்துவிடுவார். வெள்ளகோவில் வீட்டு வாசலில் நான் இதுவரை நின்றதில்லை.